மாட்டுக்குத் தொண்டை வீங்கினால் முதலில் கையை வைத்துப் பாருங்கள்

கேள்வி: பர்மாவில் மோல்மேன் பக்கம் எங்கள் ஊரில் மழை பிடித்ததும் மாடுகளுக்குத் தாடைக்குக் கீழே வீங்குகிறது. சில மாடு ஒரே நாளில் செத்துவிடுகிறது. சில மாடு மாதக்கணக்கில் இளைத்துக்கொண்டே போகிறது. இரண்டும் ஒரே நோயா? கை மருந்து ஏதாவது உண்டா? வராமல் தடுப்பது எப்படி?

பதில்:

தம்பி, இரண்டும் ஒரே நோய் இல்லை. வீங்குகிற இடம்தான் ஒன்று. ஒன்று தொண்டை அடைப்பான், மற்றது ஈரல் புழு. முதலாவதில் உங்களுக்குச் சில மணி நேரம்தான் இருக்கிறது. அதனால் அதை முதலில் சொல்கிறேன்.

நாங்கள் பெகு பக்கம் மூன்று தலைமுறையாக வயலும் மாடுமாக இருக்கிறவர்கள். எனக்குப் பத்தொன்பது வயது இருக்கும்போது எங்களிடம் செவலை, மயிலை என்று ஒரு ஜோடி உழவு மாடு இருந்தது. முதல் உழவு ஓட்டிய நான்காம் நாள் காலையில் செவலை தவிட்டுத் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. அசை போடவில்லை. உழவு அலுப்பு என்று நினைத்து விட்டுவிட்டோம். மதியம் பார்த்தால் வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகுகிறது, தாடையிலிருந்து நெஞ்சு வரைக்கும் வீங்கிக் கிடக்கிறது, மூச்சு விடும்போது குறட்டை மாதிரி சத்தம். அப்பாவும் சித்தப்பாவும் தலையைத் தூக்கிப் பிடித்து, மூங்கில் குழாயில் இஞ்சி மிளகுக் கஷாயத்தை ஊற்றினார்கள். பாதி மூக்கு வழியாகவே வெளியே வந்தது. மாடு இருமிக்கொண்டே முன்னங்கால் மடித்து உட்கார்ந்தது. விளக்கு வைக்கும் நேரத்துக்குள் போய்விட்டது.

மறுநாள் வந்த சயா (மாட்டு டாக்டரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) சொன்னதை இன்றைக்கும் மறக்கவில்லை. தொண்டை வீங்கிய மாட்டால் விழுங்க முடியாது, ஊற்றுகிறது எல்லாம் நுரையீரலுக்குத்தான் போகும் என்றார். கஷாயம் ஊற்றாவிட்டாலும் செவலை பிழைத்திருக்காது, அவ்வளவு தாமதம் செய்திருந்தோம். ஆனால் கடைசி நேரத்தில் அதை இன்னும் மூச்சுத் திணற வைத்தோமே என்பது இப்போதும் மனதில் உறுத்துகிறது. கை மருந்து உண்டா என்று நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான்: தொண்டை வீங்கிய மாட்டுக்கு வாய் வழியாக எதையும் ஊற்றாதீர்கள். எண்ணெய், கஷாயம், வெறும் தண்ணீர், எதுவுமே வேண்டாம்.

இது பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியாவால் வருகிறது. நன்றாக இருக்கிற சில மாடுகளின் தொண்டையிலேயே அது சும்மா கிடக்கும். கோடை முடியும்போது மாடு வைக்கோலை மட்டும் தின்று இளைத்திருக்கும். அந்த நேரத்தில் மழையும் பிடித்து, அரை வயிற்றோடு ஏரிலும் பூட்டினால், அதுவரை அடங்கிக் கிடந்தது கிளம்பிவிடும். வெள்ளம் வந்து மாடுகளை மேட்டில் ஒன்றாக நெருக்கிக் கட்டுகிற நாட்களில் இன்னும் வேகமாகப் பரவும். எருமைக்கு மாட்டைவிடக் கடுமையாக வரும். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரையுள்ள இளசுகள்தான் அதிகம் சாகும்.

சரி, இரண்டு வீக்கத்தையும் எப்படிப் பிரித்து அறிவது? கையை வைத்துப் பாருங்கள். தொண்டை அடைப்பான் வீக்கம் சூடாக, கெட்டியாக இருக்கும். தொட்டால் மாடு வலியில் தலையை இழுத்துக்கொள்ளும். கூடவே காய்ச்சல் 40 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை ஏறியிருக்கும். ஈரல் புழுவால் வருகிற வீக்கம் குளிர்ந்து, ஊறவைத்த பஞ்சு மாதிரி மெத்தென்று தொங்கும். விரலால் அழுத்தினால் குழி விழும், வலி இருக்காது, காய்ச்சலும் இருக்காது. பகலெல்லாம் தலை குனிந்து மேய்ந்து வந்த மாட்டுக்குச் சாயங்காலம் பெரிதாகத் தெரியும், இரவு படுத்து எழுந்தால் கொஞ்சம் வற்றியிருக்கும். கீழ் இமையைத் திருப்பிப் பார்த்தால் சிவப்பே இல்லாமல் வெளுத்திருக்கும். உங்கள் ஊரில் மாதக்கணக்கில் இளைக்கிற மாடுகளுக்கு இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆனாலும் சாணியைச் சோதித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆகவே வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வேண்டும். அதன் முனையில் நூல் கட்டி, நூலின் மறுமுனையை வால் மயிரில் முடிந்துவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே போய்விடும் அல்லது கீழே விழுந்து உடையும். கொஞ்சம் எண்ணெய் தடவி, ஆசனவாயின் உள்சுவரில் படும்படி சாய்த்து இரண்டு நிமிடம் பிடியுங்கள். சாணிக்குள் குத்தினால் சரியான அளவு காட்டாது. நல்ல மாட்டுக்கு 38-லிருந்து 39 சொச்சம் இருக்கும். நன்றாக இருக்கும்போதே நாலைந்து நாள் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள்.

சூடான வீக்கமும் காய்ச்சலும் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வீக்கம் பெருகும் முன் ஊசி போட்டால்தான் பலன். ஆக்ஸிடெட்ராசைக்ளின் போன்ற மருந்துகளை மாட்டின் எடைக்குத் தக்கபடி சயா போடுவார், சொன்ன நாள் வரைக்கும் விடாமல் போட வேண்டும். ஒரு ஊசியில் மாடு எழுந்து நின்றதும் நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். ஊசி போட்ட பசுவின் பாலை, சயா சொல்கிற நாள் வரை வீட்டுக்கும் எடுக்காதீர்கள், விற்கவும் வேண்டாம்.

தடுப்பது எப்படி என்றால், ஏப்ரலில் வருகிற தண்ணீர்த் திருவிழா முடிந்து மழை இறங்குவதற்குள் தடுப்பூசி. படிகாரம் சேர்த்த மருந்து நான்கு முதல் ஆறு மாதம் தாங்கும், எண்ணெய் கலந்தது ஏறக்குறைய ஒரு வருடம். போட்டு இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் உடம்பில் எதிர்ப்பு சக்தி முழுதாக வரும். உழவு தொடங்கிய பிறகு ஓடுவதில் பெரிய பலன் இல்லை. மருந்து பாட்டில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நம் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, ஆகவே ஃப்ரிட்ஜை நம்பாமல் பிளாஸ்க்கில் ஐஸ் போட்டு, பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். உறைந்துபோன மருந்தும் வீண்தான். ஊரில் பத்து வீட்டில் எட்டு வீடாவது ஒரே நாளில் போட்டால் நல்லது.

ஈரல் புழுவுக்கு அவ்வளவு அவசரம் இல்லை, ஆனால் விடாப்பிடியாக இருக்க வேண்டும். சாணியோடு வெளியே வருகிற முட்டை தண்ணீரில் பொரிந்து, வயலில் இருக்கிற சின்ன நத்தைக்குள் வளர்ந்து, பிறகு புல்லிலும் நெல் தாளின் அடியிலும் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொள்ளும். மாடு அதைத் தின்னும். தாளை மேலாக அறுத்து, அடித்தாளை விட்டுவிடுங்கள். வைக்கோலை நல்ல வெயிலில் காயப்போடுங்கள். சாணியை வாய்க்கால் ஓரம் கொட்டாமல் குழியில் மக்கவிடுங்கள். வயலில் வாத்து விட்டால் நத்தையைத் தின்னும். மருந்தில் ட்ரைக்ளாபெண்டசோல் குஞ்சுப் புழுவையும் கொல்லும், ஆக்ஸிக்ளோசனைட் வளர்ந்த புழுவை மட்டும்தான் கொல்லும். சினை மாடாக இருந்தால் முதலிலேயே சயாவிடம் சொல்லிவிடுங்கள், புழு மருந்துகளில் சில ஆகாது.

அப்புறம், மழைக்காலத்தில் சட்டென்று சாகிற எல்லா மாடும் தொண்டை அடைப்பான் இல்லை. தொடையோ தோளோ வீங்கி, அழுத்தினால் நறநறவென்று காற்றுச் சத்தம் கேட்டால் அது சப்பை நோய். அதற்குத் தனித் தடுப்பூசி உண்டு. எந்த அறிகுறியும் இல்லாமல் செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுப்பு ரத்தம் வடிந்தால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ், இது வேறு நோய்) என்று வைத்துக்கொள்ளுங்கள், அது மனிதருக்கும் தொற்றும். தோலை உரிக்காதீர்கள், கறிக்கு அறுக்காதீர்கள், ஆற்றில் தள்ளாதீர்கள். சயாவுக்குத் தகவல் சொல்லிவிட்டு, செத்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஆறடி ஆழம் தோண்டிப் புதையுங்கள். வெட்டித் திறந்தால் அந்தக் கிருமி மண்ணில் பல பத்து வருடம் உயிரோடு கிடக்கும்.

வாயிலும் குளம்பிலும் கொப்புளம் வருகிற கோமாரி, பர்மியர் குவாநா ஷாநா என்று சொல்வார்களே, அதில் பெரிய மாடு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். உழவுக்குப் பூட்டாமல் கஞ்சி கொடுத்து, குளம்பு ஈரம்படாமல் காய்ந்த தரையில் கட்டினால் போதும். கன்றை மட்டும் தாயிடமிருந்து பிரித்து வையுங்கள்.

செவலை செத்த மறுநாள் மயிலை நன்றாகத்தான் தின்றுகொண்டிருந்தது. சயா தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார், 40.6. வீக்கம் இல்லை, எச்சில் இல்லை, ஒரு அறிகுறியும் இல்லை. அப்போதே ஊசி போட்டார். அந்த மாடு அதற்குப் பிறகு ஒன்பது வருடம் எங்களுக்கு உழுதது. ஆகவே உங்கள் கொட்டிலில் ஒரு மாடு செத்திருந்தால், மற்ற மாடுகளைப் பிரித்துக் கட்டி, காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்துத் தேதியோடு எழுதி வையுங்கள். 39.5-ஐத் தாண்டினால் உடனே சயாவைக் கூப்பிடுங்கள். மூன்று நாள் கணக்கைப் பின்னூட்டத்தில் போட்டால் நானும் பார்த்துச் சொல்கிறேன்.