கையெழுத்திட்டாயிற்று, இனி என்ன கவலை?

கேள்வி: ஆட்சி மாறும்போதெல்லாம் மாணவர் கடன், கல்வி உதவித்தொகை விதிகளை மாற்றுகிறார்கள் என்று பத்திரிகைகள் பதறுகின்றன. புதிய விதி புதிதாகக் கடன் வாங்குபவருக்குத்தானே? ஏற்கெனவே கையெழுத்திட்டவர் எதற்கு அஞ்ச வேண்டும்?
– வாசகர் ஒருவர்

பதில்: இங்கிலாந்தில் 2012இல் கல்லூரியில் சேர்ந்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆண்டு வருமானம் 21,000 பவுண்டைத் தாண்டினால்தான் கடனைக் கட்ட வேண்டும், அந்த வரம்பும் பின்னாளில் ஊதியங்களோடு சேர்ந்து உயரும் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. 2015 நவம்பரில் அரசு, வரம்பு ஐந்து ஆண்டுகளுக்கு 21,000லேயே நிற்கும் என்று அறிவித்தது. வட்டியை ஏற்றவில்லை, தவணை விகிதத்தைக் கூட்டவில்லை. உயர வேண்டிய ஓர் எண்ணை உயராமல் பிடித்து வைத்தார்கள், அவ்வளவுதான். எதிர்ப்பு வலுத்து, 2018 ஏப்ரலில் வரம்பை 25,000 ஆக்கினார்கள் என்பது உண்மை. ஆனால் 2015ஆம் ஆண்டு அறிவிப்பு யாரைக் குறிவைத்தது? ஏற்கெனவே கையெழுத்திட்டவர்களைத்தான், ஐயா.

அரசிடம் வாங்கும் கடனில், கடன் கொடுப்பவரே சட்டத்தையும் எழுதுகிறார். பத்திரத்தைக் கடைசி வரி வரை படித்தீர்களா?

அமெரிக்காவைப் பாருங்கள். வருமானத்துக்கு ஏற்பத் தவணையைக் குறைக்கும் 'சேவ்' திட்டத்தை 2023இல் கொண்டுவந்தார்கள். பல லட்சம் பேர் சேர்ந்தார்கள். 2024இல் நீதிமன்றம் அதை முடக்கியது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் அதற்கு முடிவுரையே எழுதிவிட்டது. தவணை குறையும் என்று நம்பி வீட்டுக் கணக்குப் போட்டவர்களின் நிலையை யோசியுங்கள். அதே சட்டம், முதுகலை மாணவர்கள் படிப்புச் செலவு முழுவதற்கும் வாங்க முடிந்த 'கிராட் பிளஸ்' கடனைப் புதியவர்களுக்கு 2026 ஜூலை முதல் நிறுத்துகிறது. முதுகலைக்கு மொத்தம் 1,00,000 டாலர், மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புக்கு 2,00,000 டாலர் என்று உச்சவரம்பும் வைத்திருக்கிறது. கடன் சுமை குறையட்டும் என்பது நோக்கமாம். கட்டணம் குறையாமல் கடனை மட்டும் குறைத்தால், மீதித் தொகைக்கு மாணவர் தனியார் கடன்காரரிடம்தானே போவார்?

உதவித்தொகையின் கதை இதைவிட அமைதியானது. அதை ரத்து செய்தால் ஊர் கொதிக்கும், உயர்த்தாமல் விட்டால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். அமெரிக்க அரசு ஏழை மாணவர்களுக்குத் தரும் 'பெல்' உதவித்தொகையின் உச்ச அளவு 2023-24 முதல் 2025-26 வரை மூன்று கல்வியாண்டுகளும் 7,395 டாலரிலேயே நின்றது. விலைவாசி நிற்கவில்லை. இங்கிலாந்து இந்த நாசூக்கெல்லாம் பார்க்கவில்லை. ஏழை மாணவர்களின் வாழ்க்கைச் செலவுக்குத் தந்துவந்த மானியத்தை 2016இல் புதிய மாணவர்களுக்கு நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் கடனை வைத்தது. கையில் வரும் பணம் குறையவில்லை, படிப்பு முடியும்போது பாக்கிதான் கூடியது. குடும்பத்தில் பணமில்லாதவருக்கே அதிகக் கடன் என்ற அந்த ஏற்பாட்டுக்குச் 'சீர்திருத்தம்' என்று பெயர்.

மாற்றம் எப்போதும் பாதகமாகவே வரும் என்று சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் 2023இல் விலைவாசியோடு சேர்ந்து மாணவர் கடன் பாக்கி ஒரேயடியாக 7.1 சதவீதம் ஏறியது. கூச்சல் எழுந்தது. விலைவாசி, ஊதியம் இரண்டில் எது குறைவாக ஏறுகிறதோ அதன்படியே பாக்கியும் ஏறும் என்று சட்டத்தைத் திருத்தி, முன்தேதியிட்டு வரவும் வைத்தார்கள். 2025இல் பாக்கியில் 20 சதவீதத்தையே கழித்தார்கள். பழைய பத்திரத்தை அரசு திருத்த முடியும் என்பதற்கு இதுவும் சாட்சிதான்.

ஆகவே தலைப்புச் செய்தியில் வரும் வட்டி விகிதத்தோடு நின்றுவிடாதீர்கள். எந்த வருமானத்தில் தவணை தொடங்குகிறது, அந்த வரம்பு ஆண்டுதோறும் உயருமா, எத்தனை ஆண்டுகளில் பாக்கி தள்ளுபடியாகும் என்று பாருங்கள். இங்கிலாந்தில் 2023 முதல் சேர்ந்தவர்களுக்கு அந்தக் காலத்தை 30இலிருந்து 40 ஆண்டுகளாக நீட்டிவிட்டார்கள். வட்டியைக் குறைத்தோம் என்ற அறிவிப்போடு சேர்ந்தே அது வந்தது. கல்லூரி தரும் சலுகைக் கடிதத்தில் உதவித்தொகை முதலாண்டுக்கு மட்டுமா, படிப்பு முடியும்வரையா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டாம் ஆண்டுக் கணக்கைப் போடும்போது கட்டணத்தை உயர்த்திப் போடுங்கள், உதவித்தொகையைக் கூட்டாமல் அப்படியே வையுங்கள்.