1201 காட்டும் வைஃபை 6, கிகாபிட் கேபிளிடம் ஏன் தோற்கிறது?

உங்கள் வைஃபையில் கோளாறு எதுவும் இல்லை. லேப்டாப் காட்டும் 1201 எம்பிபிஎஸ் ரேடியோ இணைப்பின் உச்ச வேகம்தான், கோப்பு நகரும் வேகம் அல்ல. அதனால் நாஸிலிருந்து (வீட்டு நெட்வொர்க்கில் இணைந்த கோப்புச் சேமிப்புப் பெட்டி) காப்பி செய்யும்போது 1000-இல் ஓடும் கேபிள் முந்துவது இயல்பு.

கேபிளில் இரு பக்கமும் ஒரே நேரத்தில் முழு வேகம். கம்பியில் 1538 பைட் இடம் பிடிக்கும் ஒரு முழு ஃபிரேமில் (ஒரே தடவையில் அனுப்பப்படும் தரவுப் பொதி) 1460 பைட் வரை உங்கள் தரவு, அதாவது சுமார் 95 சதவீதம். வைஃபையோ ஒரே சேனலில் அனுப்புவதையும் பெறுவதையும் மாறி மாறிச் செய்ய வேண்டும், ஒவ்வொரு முறையும் சேனல் காலியா என்று பார்த்துக் காத்திருந்து, அனுப்பியதற்கு ஒப்புதலும் வாங்கி, பக்கத்து வீட்டு ரூட்டர் அதே சேனலில் இருந்தால் அதற்கும் வழிவிட வேண்டும். 700 பக்கம் கிடைத்தாலே நல்ல வேகம்.

நாஸிலும் லேப்டாப்பிலும் ஐபெர்ஃப்3 (நெட்வொர்க் வேகம் அளக்கும் மென்பொருள்) ஓட்டி வைஃபை, கேபிள் இரண்டையும் அளந்து பாருங்கள். கேபிளில் 940 வர வேண்டும். 94 என்று வந்தால் இணைப்பு 100-க்கு இறங்கியிருக்கிறது, முதலில் கேபிளை மாற்றுங்கள்.

ஒன்று கவனம்: நாஸும் அதே வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு பாக்கெட்டும் காற்றில் இருமுறை போகும், வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அப்புறம் இந்தக் கணக்கு பொருந்தாது.