மாமனாரின் பிஸ்கட் டின்னில் நானூறு காசு

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். எங்களுக்கு ஊர் கல்லிடைக்குறிச்சி. என் மாமனார் வாலிபத்தில் கொழும்பு புறக்கோட்டையில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர். காசு சேர்ப்பதில் அவருக்கு அப்படி ஒரு கிறுக்கு. துபாயில் இருக்கும் என் கொழுந்தன், லண்டன் சொந்தக்காரர்கள் என்று யார் ஊருக்கு வந்தாலும் நாலு காசு கொடுத்துவிட்டுப் போவார்கள். போன ஆவணியில் மாமா தவறிவிட்டார். பீரோவில் ஒரு பிஸ்கட் டின்னும் இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டிலும் நிறையக் காசு இருக்கிறது. நானூறுக்குக் குறையாது. கறுத்துக் கிடந்ததில் இருபது காசை விபூதி போட்டுத் தேய்த்து வைத்தேன்.

வைஷ்ணோ தேவி படம் போட்ட 5 ரூபாய்க்குப் பத்து லட்சம் கிடைக்கும் என்று என் மகன் வீடியோ காட்டுகிறான். அவன் ஒரு விளம்பரத்தில் போட்டோ போட்டதும் ஒருவர் போனில் வந்தார். பதினோரு காசுக்கு 8 லட்சம் தருகிறோம், பதிவுக் கட்டணம் 2,100 ரூபாய் மட்டும் அனுப்புங்கள் என்கிறார். என் தம்பியோ, தங்க முலாம் பூசிய வெளிநாட்டு நினைவு நாணய செட் 60,000 ரூபாய்க்கு வருகிறது, எஃப்.டி.யை உடைத்து வாங்கிப் போடு, மகள் காலேஜ் சேரும்போது இரண்டு மடங்காகும் என்கிறான். மகள் இப்போது பிளஸ் ஒன். என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் அந்த 2,100 ரூபாயை அனுப்பாதீர்கள் அம்மா. மற்றதை நிதானமாகப் பேசலாம்.

காசு வாங்குகிறவன் நமக்குத்தான் பணம் தர வேண்டும். நம்மிடம் கட்டணம் கேட்டால் அவன் வியாபாரமே வேறு. இன்று பதிவுக் கட்டணம், நாளை ஜி.எஸ்.டி., மறுநாள் ரிசர்வ் வங்கி அனுமதிச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாக வரும். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. பழைய காசு, நோட்டு வாங்கி விற்கும் வேலையை அது செய்வதில்லை, அதற்காக எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை, தன் பெயரில் வாங்க யாருக்கும் அதிகாரமும் கொடுக்கவில்லை. மகன் ஏற்கெனவே பணமோ வங்கி விவரமோ கொடுத்திருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் போட்டுப் புகார் சொல்லுங்கள். ஆதார் நகலை மட்டும் அனுப்பியிருந்தாலும் வங்கிக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

அந்த வைஷ்ணோ தேவி காசு 2012-இல் வந்தது. கடைத்தெருவில் புழங்குவதற்காகவே அடித்த காசு அது. கையில் இருக்கும் 5 ரூபாய்க்கு 5 ரூபாய்தான். நல்ல பளபளப்பில் இருந்தால் சேகரிக்கிற பையன் யாராவது கூட நாலு ரூபாய் கொடுப்பான்.

சரி, டின்னுக்கு வருவோம். எந்தக் காசுக்கும் மூன்று விலை உண்டு. ஒன்று அதன் முகத்தில் எழுதியிருக்கிற விலை. இரண்டாவது, உருக்கினால் தேறுகிற உலோகத்தின் விலை. (நம் நாட்டுக் காசை உருக்குவது 2011 நாணயச் சட்டப்படி குற்றம், இது கணக்குக்காகச் சொல்வது.) மூன்றாவது, சேகரிப்பவன் ஆசைப்பட்டுக் கொடுக்கிற விலை. வீடியோக்காரர்கள் பேசுவதெல்லாம் இந்த மூன்றாவதைப் பற்றித்தான். நினைவு நாணயத்தில் அது அபூர்வமாகத்தான் ஏறும்.

ஏன் என்று கேட்டால், நினைவுக்காக அடித்த காசை எல்லாருமே பத்திரமாக எடுத்து வைத்துவிடுகிறார்கள். உங்கள் மாமனார் வைத்தது போலவே ஊர் உலகத்தில் லட்சம் மாமனார்கள் வைத்திருக்கிறார்கள். லண்டன்காரர்கள் கொடுத்ததில் சர்ச்சில் தலை போட்ட 1965-ஆம் வருடத்துப் பெரிய காசு இருக்கலாம். அதை ஏறக்குறைய 2 கோடி அடித்தார்கள். 1981-இல் சார்லஸ் - டயானா கல்யாணத்துக்கு வந்தது 2 கோடியே 60 லட்சத்துக்கு மேல். இரண்டுமே வெள்ளி மாதிரி மின்னும் செம்பு-நிக்கல். அங்கேயே சில பவுண்டுக்கு மேல் போகாது. அமெரிக்காவில் 1999 முதல் 2008 வரை ஐம்பது மாநிலத்துக்கும் தனித்தனி கால் டாலர் காசு வெளியிட்டார்கள். எல்லாம் சேர்த்து 3,400 கோடிக்கு மேல். அட்டையில் குத்தி முழு செட்டையும் சேர்த்தவர்களும் கடைசியில் கால் டாலருக்குத்தான் செலவழிக்க வேண்டியிருந்தது.

விலை ஏறின காசுகளின் கதை நேர்மாறாக இருக்கும். அமெரிக்காவின் 1933-ஆம் வருடத்து 20 டாலர் தங்கக் காசை 4,45,500 அடித்தார்கள். மக்கள் கையில் தங்கக் காசு இருக்கக் கூடாது என்று அரசாங்கம் முடிவெடுத்ததால் ஏறக்குறைய அத்தனையும் உலைக்குப் போனது. தப்பித்த ஒன்று 2021 ஏலத்தில் 1 கோடியே 89 லட்சம் டாலருக்குப் போனது. ஐரோப்பாவின் குட்டி நாடான மொனாக்கோ 2007-இல், ஹாலிவுட் நடிகையாக இருந்து அந்த நாட்டு இளவரசியான கிரேஸ் கெல்லி நினைவாக வெளியிட்ட 2 யூரோ காசு மொத்தமே 20,001. இன்று ஆயிரம் யூரோவுக்கு மேல் கேட்கிறார்கள். இங்கிலாந்தில் கியூ தாவரத் தோட்டம் போட்ட 2009-ஆம் வருடத்து 50 பென்ஸ் 2,10,000-தான் வந்தது. சில்லறையோடு சில்லறையாகக் கைமாறிக்கொண்டிருந்தபோது அதை யாரும் கவனிக்கவில்லை. பிறகுதான் தேடினார்கள். இப்போது அதற்குப் போலியும் வந்துவிட்டது.

ஆக டின்னைக் கொட்டி, முதலில் வெள்ளியைப் பிரித்தெடுங்கள். நீங்கள் அழுக்கு என்று நினைக்கிற கறுத்த காசுதான் பெரும்பாலும் வெள்ளியாக இருக்கும். செம்பு-நிக்கல் இவ்வளவு கறுக்காது. காந்தம் வைத்துப் பார்த்தால் வெள்ளி ஒட்டாது. ஆனால் செம்பு-நிக்கலும் ஒட்டாது, அதனால் எடையும் பார்க்க வேண்டும். தெரிந்த பத்தரிடம் மின்தராசில் நிறுத்துக் கேளுங்கள். உரைகல்லில் மட்டும் உரசவிடாதீர்கள். ஒரு கீறல் விழுந்தால் மூன்றாவது விலை அங்கேயே போச்சு.

மாமனார் கொழும்பில் இருந்தவர் என்பதால் ஒரு காசை நான் குறிப்பாகத் தேடுவேன். 1957-இல் புத்த ஜயந்தி 2500-ஆம் ஆண்டுக்கு இலங்கை அரசு ஒரு 5 ரூபாய் வெளியிட்டது. கையில் எடுத்தாலே கனம் தெரியும், 28 கிராமுக்குச் சற்று மேல். அதில் 92.5 சதவீதம் வெள்ளி, அதாவது 26 கிராம் சுத்த வெள்ளி. அதே சமயத்தில் வந்த 1 ரூபாய் செம்பு-நிக்கல், அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நம் நாட்டுக் காசில் 1969 காந்தி நூற்றாண்டு 10 ரூபாய் இருக்கிறதா பாருங்கள். 15 கிராம், 80 சதவீதம் வெள்ளி, அப்படியென்றால் 12 கிராம். அதே காந்தி தலை போட்ட 1 ரூபாயும் 50 பைசாவும் வெள்ளி கிடையாது. 1964 நேரு காசுதான் சுதந்திர இந்தியாவின் முதல் நினைவு நாணயம். பெயர் பெரிது, ஆனால் வீட்டுக்கு வீடு கிடக்கும். அப்புறம் வந்த 100 ரூபாய் வகைகள் பெரும்பாலும் 35 கிராமில் பாதி வெள்ளி. தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரமாவது ஆண்டுக்கு வந்த 1000 ரூபாய் காசு 35 கிராமில் 80 சதவீதம் வெள்ளி, கணக்குப் போட்டால் 28 கிராம். இவை கடைத்தெருவுக்கு வராமல், நாணயச் சாலையே பெட்டியில் வைத்து விற்பவை. சுத்த வெள்ளி எத்தனை கிராமோ அதை அன்றைய வெள்ளி விலையால் பெருக்குங்கள். அது தரைவிலை. நகைக்கடைக்காரர் அதிலும் கழிவு பிடிப்பார். காசு வியாபாரியிடம் அதற்கு மேல் கிடைக்க வாய்ப்பு உண்டு.

வளைகுடாவிலிருந்து வந்ததில் பெரிய வெள்ளிக் காசாக, கொழுத்த முகமுள்ள ஒரு அம்மாள் தலையோடு 1780 என்று போட்டிருந்தால், இருநூற்று நாற்பது வருடப் பழசு என்று துள்ளிக் குதித்துவிடாதீர்கள். அந்த அம்மாள் ஆஸ்திரியாவின் மகாராணி மரியா தெரேசா. அந்த வருடம்தான் அவர் இறந்தார். செங்கடல் கரையிலும் ஏமன், ஓமன் பக்கமும் வியாபாரிகள் அந்தக் காசைத்தான் நம்பி வாங்கினார்கள் என்பதால், அதே வருடத்தைப் போட்டுப் பின்னாளிலும் அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஆனாலும் நஷ்டமில்லை. 28 கிராமில் 23 கிராம் வெள்ளி. நம்ம ஊரில் நகையைப் பவுன், சவரன் என்று எடை சொல்வதும் இப்படி ஒரு வெளிநாட்டுக் காசிலிருந்து வந்ததுதான். இங்கிலாந்து சாவரின் தங்கக் காசின் எடை 7.98 கிராம், அதைத்தான் எட்டு கிராம் என்று வைத்துக்கொண்டோம். மாமியாரின் பழைய காசு மாலை ஏதாவது இருந்தால் அதில் தொங்குவதையும் ஒரு தடவை உற்றுப் பாருங்கள். அசல் சாவரினாக இருந்தால் இந்த டின் முழுவதையும்விட அந்த ஒன்று மேல்.

சின்னச் சின்னச் செப்புக்காசுகள், தேய்ந்து போய் மீன் மாதிரியோ வேறு உருவமோ தெரிகிறது என்றால் அதை வேறாகக் கட்டி வையுங்கள். தாமிரபரணிக் கரைக்காரர்கள் வீட்டில் ஆற்று மணலில் பொறுக்கிய காசு இருப்பது சகஜம். நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு தொல்பொருளாகக் கருதப்படும். வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது, வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும். மண்ணுக்குள்ளிருந்து எடுத்த புதையல் என்றால் 1878-ஆம் வருடச் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். போட்டோ எடுத்து இணையத்தில் போட்டு வம்பை விலைக்கு வாங்காதீர்கள். பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் கொண்டுபோய்க் காட்டி, என்ன செய்யலாம் என்று கேளுங்கள்.

விபூதி விஷயத்தில் நடந்தது நடந்துவிட்டது. வெள்ளிக் குத்துவிளக்குக்கு அது சரி, காசுக்கு ஆகாது. மேலே படிந்திருக்கும் கறுப்பைச் சேகரிப்பவர்கள் காசின் வயதுக்குச் சாட்சி என்று பார்ப்பார்கள். தேய்த்த காசை வாங்கும்போது பாதி விலை கேட்பார்கள். புளியும் வேண்டாம், பற்பசையும் வேண்டாம். ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, ஒவ்வொன்றையும் சின்னக் காகித உறையில் போடுங்கள். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் மெல்லிய பி.வி.சி. ஆல்பம் நாளாவட்டத்தில் பிசுபிசுத்துப் பச்சையாகப் பிடித்துக்கொள்ளும்.

இனி தம்பி சொல்கிற 60,000 ரூபாய் செட். இதில் எனக்கே ஒரு சூடு உண்டு. இருபது வருடத்துக்கு முன்னால், சம்பளம் கொஞ்சம் மிஞ்சிய காலத்தில், ஒரு தபால் விற்பனைக்காரரிடம் மரப்பெட்டியோடு ஒரு நினைவு நாணய செட்டை 18,000 ரூபாய்க்கு வாங்கினேன். நம்பரிட்ட சான்றிதழ், நீலப் பட்டுத்துணி எல்லாம் இருந்தது. வீடு கட்டும்போது பணத்துக்கு நெருக்கடி வந்து விற்கப் போனால், வண்ணார்பேட்டையில் ஒரு வியாபாரி பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் காசை மட்டும் தராசில் போட்டார். 3,200 ரூபாய். என் மனைவி இன்றைக்கும் அந்தப் பெட்டியில்தான் பொத்தானும் ஊசியும் போட்டு வைத்திருக்கிறாள்.

தங்க முலாம் என்பது தங்கம் இல்லை. மேலே பூசியிருப்பது கண்ணுக்கு மட்டும் தெரியும், தராசுக்குத் தெரியாது. அந்த செட்டில் எந்த நாட்டுப் பெயர் இருக்கிறது என்று கேளுங்கள். நியுவே, குக் தீவுகள் என்ற மாதிரி பசிபிக் கடல் குட்டித் தீவுகளாக இருந்தால் இன்னும் யோசியுங்கள். நியுவேயின் மொத்த ஜனத்தொகை இரண்டாயிரத்தைத் தொடாது, உங்கள் ஊர்த் தேரோட்டத்துக்கு அதைவிடக் கூட்டம் வரும். அந்தத் தீவின் பெயரில் கார்ட்டூன் பொம்மையும் சினிமா உருவமும் போட்ட காசுகளை வேறு நாட்டு நாணயச் சாலைகள் அடித்து உலகம் முழுக்க விற்கின்றன. அவை முறையான காசுதான், அதில் ஏமாற்று இல்லை. ஆனால் அங்கே யாரும் அதைக் கொடுத்து ரொட்டி வாங்குவதில்லை. வாங்கிய விலையில் பாதிக்கு மேல் பெட்டிக்கும் விளம்பரத்துக்கும் கமிஷனுக்கும் போயிருக்கும்.

மகளுக்கு இரண்டே வருடம் இருக்கிறது. இரண்டு வருடத்தில் கட்டாயம் தேவைப்படும் பணத்தை, விற்க ஆள் தேட வேண்டிய எந்தப் பொருளிலும் போடக் கூடாது. அட்மிஷன் கட்ட நாலு நாள் கெடு கொடுப்பார்கள், காசு வியாபாரி நாலு மாதம் இழுப்பார். எஃப்.டி. இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். ஒரே வங்கியில் அசலும் வட்டியும் 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. முதிர்வுத் தேதி மகளின் அட்மிஷன் மாதத்துக்கு முன்னால் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கூட வேண்டுமென்றால் அதே வங்கியில் மாதாமாதம் ஆர்.டி. போடுங்கள். ஒன்று கேளுங்கள், தபால் நிலைய ஆர்.டி. ஐந்து வருடத்துக்கானது, உங்களுக்கு வங்கியில் இரண்டு வருட ஆர்.டி.யே பொருந்தும்.

டின்னில் தேறுகிற வெள்ளியை விற்பது உங்கள் இஷ்டம். விற்பதாக இருந்தால் இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்டு, ரசீது வாங்கி, பணத்தை வங்கி வழியாகவே பெற்றுக்கொள்ளுங்கள். பெரிய தொகையாக வந்தால் வரிக் கேள்வி வரும், ஆடிட்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். விற்பதற்கு முன் கொழுந்தனிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. மாமனார் சொத்தில் அவருக்கும் பங்கு உண்டு. அதோடு பாதிக் காசு அவர் கொண்டுவந்து கொடுத்தது. திர்ஹாம், பவுண்டு என்று இன்றும் செல்லுகிற வெளிநாட்டுச் சில்லறை இருந்தால் அடுத்த தடவை அந்த நாட்டுக்குப் போகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள், நம்ம ஊர் வங்கியில் வெளிநாட்டுச் சில்லறையை மாற்றுவது பெரும்பாடு.

காமராசர் நூற்றாண்டு, அண்ணா நூற்றாண்டு 5 ரூபாய்களும், 1995 உலகத் தமிழ் மாநாட்டின் திருவள்ளுவர் காசும் நிச்சயம் அந்த பாட்டில்களில் இருக்கும். அவற்றை எதிலும் சேர்க்க வேண்டாம். பேரனும் பேத்தியும் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளட்டும். 1780 அம்மாளின் எடை எவ்வளவு வந்தது என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.