தாய் எலி குட்டியைத் தின்கிறதா? முதலில் கொட்டகைக் காற்றைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, காரைக்குடி பக்கம் ஆடு, நாட்டுக்கோழியோடு வெள்ளை எலியும் வளர்க்கிறேன். பால் பைத்தான் (ball python) என்ற பாம்பை வைத்திருப்பவர்கள் இரைக்கு வாங்கிக்கொள்கிறார்கள். ஈற்றுக்குப் பத்து குட்டி போட்ட எலிகள், பங்குனிக்குப் பிறகு நாலைந்துதான் போடுகின்றன, அதிலும் பாதியைத் தாயே தின்றுவிடுகிறது. பல எலிகள் தும்முகின்றன, கண்ணிலும் மூக்கிலும் ரத்தம் மாதிரி சிவப்பாக வடிகிறது. கோழிக்குக் கொடுக்கும் சளி மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுத்தேன், நிற்கவில்லை. கொட்டகை தகரக் கூரை. கீழே தச்சுப் பட்டறையில் கிடைக்கும் தேக்குத் தூள். தீவனம் மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும்.

பதில்: தம்பி, அந்தக் கோழி மருந்தை இன்றே நிறுத்துங்கள். என்ன மருந்து, எவ்வளவு என்ற கணக்கில்லாமல் எலிக்குக் கொடுத்தால் அது அப்படியே பாம்பு வயிற்றுக்குப் போகும், அது ஒன்று. இன்னொன்று, உங்கள் எலிகளுக்கு இருப்பது பெரும்பாலும் மைக்கோபிளாஸ்மா என்கிற நுண்ணுயிரால் வரும் சளி. மருந்தால் அடங்கினாலும் உடம்பை விட்டு முழுசாகப் போகாது, காற்று கெட்டால் திரும்பக் கிளம்பும். கண்ணில் வடிவது ரத்தமும் இல்லை. கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியிலிருந்து வரும் சிவப்பு நீர் அது. எலிக்கு உடம்போ மனசோ சரியில்லை என்றால் அதிகமாக வரும்.

காற்றைக் கெடுப்பது மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியா. விடிகாலையில் கதவைத் திறந்ததும் கூட்டு மட்டத்துக்குக் குனிந்து மோந்து பாருங்கள், கொஞ்ச நேரம் உள்ளே நின்றுவிட்டால் நம் மூக்குக்குப் பழகிப்போய்விடும். கண் கரித்தால் அந்தக் காற்றை இரவு முழுக்க அவை சுவாசித்திருக்கின்றன என்று அர்த்தம். அதோடு தேக்குத் தூள் வேறு. தேக்குத் தூள் தச்சர்களுக்கே மூச்சையும் தோலையும் உறுத்தும், மூக்கைத் தரையில் வைத்தே வாழ்கிற எலிக்குக் கேட்கவா வேண்டும்? அதை மொத்தமாக அள்ளிவிட்டு, சலித்துத் தூசி போக்கி நன்றாக வெயிலில் காயவைத்த உமி போடுங்கள், மேலே கூடு கட்ட நறுக்கிய வைக்கோல் கொஞ்சம். வாரம் இரண்டு முறை மாற்றினால் போதும், ஆனால் ஈன்ற கூட்டை முதல் நாலைந்து நாள் தொடாதீர்கள்.

இனி வெக்கை. எலிக்கு ஆடு மாதிரி வியர்க்காது, பெரும்பாலும் வால் வழியாகத்தான் சூட்டை வெளியே விடும். 20 முதல் 26 டிகிரிக்குள் அது சுகமாக இருக்கும், 30 தாண்டினால் தீவனம் குறையும், பால் வற்றும். நம் பக்கம் சித்திரை வெயில் 40-ஐத் தொடும்போது தகரத்துக்கு அடியில் என்ன இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். தாய் குட்டியைத் தின்பது பெரும்பாலும் வெறியால் அல்ல. பாலில்லாமல் செத்த குட்டியை, சாகப்போகிற குட்டியைத்தான் அது முதலில் தின்கிறது. தண்ணீர்த் தட்டுப்பாடும் இதில் சேரும். பால் கொடுக்கும் எலி வழக்கத்தைவிட நிறையக் குடிக்கும், எனவே காலை மாலை ஒவ்வொரு பாட்டில் முனையையும் விரலால் தொட்டுப் பாருங்கள், அடைத்த முனை ஒரே நாளில் ஒரு ஈற்றையே அழித்துவிடும்.

பழைய செட்டிநாட்டு வளவு வீடு இருந்தால், இரண்டாம் கட்டில் (உள்பகுதியில்) பூட்டிக் கிடக்கும் ஓர் அறையைக் கேட்டு வாங்குங்கள். கனத்த சுண்ணாம்புச் சுவரும் உயர்ந்த கூரையும் இந்த வெயிலுக்கென்றே கட்டியவை. ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம். ஈரச்சாக்கு கட்டுவதாக இருந்தாலும் ஃபேனோடுதான் கட்ட வேண்டும், காற்று ஓடாத அறையில் ஈரம் சேர்ந்தால் அமோனியா இன்னும் கூடும். ஜன்னலுக்கு 6 மில்லிமீட்டரைவிடச் சின்னக் கண்ணுள்ள வலை அடியுங்கள், காட்டு எலி உள்ளே வந்தால் எலிக்காய்ச்சலும் உண்ணியும் கூடவே வரும். ரேக்கின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், கண் திறக்காத குட்டிகளை எறும்பு விடாது.

தீவனத்தில் எனக்குப் பயம் கடலைப் புண்ணாக்குதான். பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கில் அஃப்ளடாக்ஸின் என்கிற நஞ்சு இருக்கலாம், எலியின் ஈரலை அது அரித்துவிடும். ஆய்வகத்துக்குச் செய்யும் எலித்தீவனம் கிடைத்தால் அதுவே நல்லது, விலை கட்டாவிட்டால் சினை, பால் எலிகளுக்கு மட்டுமாவது கொடுங்கள். புரதம் 18 முதல் 20 சதவீதம் இருக்க வேண்டும்.

அறை மாற்றிய மறு மாதமே குட்டி கூடவில்லை என்று சோர்ந்துவிடாதீர்கள். சூட்டில் கடுவனின் விந்து கெட்டிருக்கும், எலிக்குப் புதிய விந்தணு உருவாகவே ஏழு வாரத்துக்கு மேல் ஆகும், அப்புறம் சினை 21 முதல் 23 நாள். அதுவரை தும்மும் எலிகளைப் பிரித்து வையுங்கள், அவற்றிலிருந்து இனப்பெருக்கத்துக்குக் குட்டி எடுக்காதீர்கள். ஈன்ற ஒரு நாளுக்குள் பெட்டை மறுபடி பருவத்துக்கு வரும், கடுவன் கூட இருந்தால் உடனே சினைதான். எனவே வயிறு தெரிந்ததும் கடுவனைப் பிரித்து, குட்டிகளைப் பால் மறக்கவைத்த பிறகு ஒரு வாரமாவது தாயை ஓய்வில் விடுங்கள். குட்டிகளை நாலாவது வாரத்தில் ஆண் பெண் பிரித்துவிட வேண்டும், ஐந்தாவது வாரத்திலேயே சினைப்படக்கூடியவை.

உயிரோடு எலியைப் பாம்புக்குப் போடுவதை வாங்குகிறவர்களிடம் தயவுசெய்து தடுத்துப் பேசுங்கள். எலிக்கு அது கொடுமை, பசிக்காத பாம்பை எலி கடித்துக் குதறுவதும் உண்டு. வலியில்லாமல் கொல்லும் முறையைக் கால்நடை மருத்துவரிடம் நேரில் கற்றுக்கொண்டு, உறையவைத்து விற்பதே முறை. உயிரோடு ஃப்ரீசரில் வைப்பது கூடவே கூடாது.

பால் பைத்தான் வெளிநாட்டு இனம், வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் (PARIVESH) இணையதளத்தில் பதிந்திருக்க வேண்டும், அதைக் கேட்டுவிட்டே கொடுங்கள். நம் ஊர் நல்லபாம்பு, மலைப்பாம்பு, சாரை எதையும் வீட்டில் வளர்க்க 1972 வனவிலங்குச் சட்டம் விடாது. எலி வாடைக்குச் சாரை உங்கள் அறையைத் தேடி வரத்தான் செய்யும். அடிக்காதீர்கள், வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லுங்கள், அது வந்த ஓட்டையை அன்றைக்கே அடையுங்கள்.