பந்தை முதல்ல நிறுத்துங்க: பின்பால் பத்தி ஒரு கடிதம்

வணக்கம் சார்,

சாய்வான டேபிள்ல உருளற இரும்புப் பந்தைப் பட்டனை அமுக்கி அடிச்சு ஆடுற பழைய பின்பால் டேபிள்களை வீட்டுல ஆடுற வீடியோ கேமா கொண்டு வந்திருக்கிறதைப் பத்தி நீங்க அவ்வளவு ஆசையா எழுதியிருந்தீங்க. அதைப் படிச்சிட்டு ஒரு கலெக்‌ஷன் வாங்கி ஆடிட்டு இருக்கேன். இதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்ச ஒரே பின்பால் விண்டோஸ் எக்ஸ்பில இருந்த ஸ்பேஸ் கேடட்தான். உண்மையைச் சொல்லணும்னா ஏமாற்றமா இருக்கு. பந்து வருது, ரெண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கறேன், எங்கயோ போய் இடிக்குது, லைட் எரியுது, யாரோ கத்தறாங்க, திடீர்னு நடுவுல விழுந்துடுது. இதுல நான் என்ன பண்ணேன்னு எனக்கே தெரியல, முழுக்க அதிர்ஷ்டம்னுதான் தோணுது. இன்னொண்ணு, பின்பால்ங்கிறது மரமும் இரும்பும் கரண்டும் சேர்ந்த மெஷின். அதை ஸ்க்ரீன்ல காட்டினா வெறும் போட்டோதானே, இதுல எதைக் காப்பாத்திட்டோம்னு சொல்றீங்க? கடைசியா ஒரு சந்தேகம். தி பின்பால் ஆர்கேட்னு ஒரு பழைய கலெக்‌ஷனைப் பத்தி எல்லாரும் சொல்றாங்க, ஆனா அதுல இருந்த பெரிய டேபிள்களை இப்ப வாங்கவே முடியலையே, ஏன்?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்க ரெண்டாவது கேள்வியில இருந்தே ஆரம்பிக்கிறேன், எனக்கு அதுதான் பெருசு.

போட்டோன்னு சொல்றீங்க. ஆனா 80-கள், 90-கள்ல வில்லியம்ஸ், பாலிங்கிற பின்பால் கம்பெனிகள் பேர்ல வந்த டேபிள் ஏதாவது உங்க கலெக்‌ஷன்ல இருந்தா, அதுக்குள்ள ஓடிட்டு இருக்கிறது பெரும்பாலும் அந்த மெஷின்லயே இருந்த ஒரிஜினல் ப்ரோக்ராம். 1970-களோட கடைசியில பின்பாலுக்குள்ள மைக்ரோப்ராசசர் வந்துடுச்சு, அதுக்கப்புறம் ஸ்கோர் கணக்கு, எந்த லைட் எப்ப எரியணும், பாகங்களைத் தள்ளற மின்காந்தச் சுருள்ல, அதாவது காயில்ல, எதுக்கு எப்ப கரண்ட் போகணும், எந்த இடத்துல எந்தக் குரல் வரணும் எல்லாமே ரோம்ங்கிற மெமரி சிப்ல இருக்கிற ப்ரோக்ராம்தான் முடிவு பண்ணுது. வீடியோ கேம் செய்யறவங்க அந்த ப்ரோக்ராமை எடுத்து, பழைய மெஷின் மாதிரியே நடந்துக்கற எமுலேட்டர்ங்கிற சாஃப்ட்வேர்ல அப்படியே ஓட விடறாங்க, அதனாலதான் 90-கள் டேபிள்கள்ல 128-க்கு 32 புள்ளி இருக்கிற அந்த ஆரஞ்சு டிஸ்ப்ளேல வர்ற அனிமேஷன் கூட அப்படியே பழசு மாதிரியே இருக்கு.

இதுல எனக்கு எப்பவும் ஆச்சரியமா இருக்கிற விஷயம் என்னன்னா, அந்த ப்ரோக்ராமுக்குப் பந்துன்னு ஒண்ணு கண்ணுக்கே தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது ஸ்விட்ச் மட்டும்தான். 90-கள்ல வந்த வில்லியம்ஸ் மெஷின்ல ஸ்விட்ச்சையெல்லாம் 8 வரிசை 8 பத்தின்னு ஒரு கட்டமா இணைச்சிருப்பாங்க, ப்ரோக்ராம் அதைச் சுத்திச் சுத்திப் பார்த்துட்டே இருக்கும், இந்த ஸ்விட்ச் மூடுச்சு, அந்த ஸ்விட்ச் திறந்துச்சு, அவ்வளவுதான் அதோட உலகம். ஒரு ஸ்விட்ச்சைத் தாண்டின பந்து அடுத்த ஸ்விட்ச்சைத் தொடற வரைக்கும் அதுக்குப் பந்து எங்க இருக்குன்னே தெரியாது. இப்ப வீடியோ கேம்ல கணக்குப் போட்டு உருட்டின ஒரு பந்து போய் கணக்குல இருக்கிற ஒரு ஸ்விட்ச்சை அமுக்கினா அந்தப் பழைய ப்ரோக்ராமுக்கு வித்தியாசமே கிடையாது, அது நிஜ மெஷினுக்குள்ள இருக்கிறதாவே நினைச்சு வேலை பாக்குது.

தி ஆடம்ஸ் ஃபேமிலின்னு 1992-ல ஒரு டேபிள் வந்துச்சு. பேட் லாலரும் லாரி டிமாரும் சேர்ந்து செஞ்சது, 20,270 மெஷின் வித்துச்சு, எலக்ட்ரானிக் பின்பால்ல அதுக்கு மேல எதுவும் வித்ததில்லை. அதுல இடது பக்கம் மேல இருக்கிற குட்டி ஃப்ளிப்பரை, அதாவது பந்தை அடிக்கற துடுப்பை, சில நேரம் மெஷினே அடிக்கும், நீங்க பட்டனைத் தொடவே வேண்டாம். அடிச்சு குறி தப்பிச்சுதுன்னா அடுத்த தடவைக்கு டைமிங்கைக் கொஞ்சம் மாத்தி வச்சுக்கும், ஏன்னா ஒவ்வொரு மெஷினோட சாய்வும் காயிலோட பலமும் ரப்பரோட தேய்மானமும் வேற வேற, அதனால ஆடி ஆடித்தான் அது தன் டேபிளைப் புரிஞ்சுக்க முடியும். அதே ரோமை எமுலேட்டர்ல ஓட்டினா அது ஒரு கணக்குப் பந்தைப் பாத்துப் பாத்துக் கத்துக்க ஆரம்பிக்கும். போட்டோ எதையும் கத்துக்காது, இல்லையா? காப்பாத்தினது எதைன்னு கேட்டீங்களே, இதைத்தான். லாலரும் டிமாரும் யோசிச்ச யோசனை இன்னும் ஓடிட்டு இருக்கு, மெஷின்ல ரப்பர் காய்ஞ்சு பெயின்ட் தேய்ஞ்சு காயில் எரிஞ்சு போனாலும்.

மெஷின்கள் போயிட்டேதான் இருக்கும். வில்லியம்ஸ் 1999 அக்டோபர்ல பின்பால் செய்யறதையே நிறுத்திட்டாங்க. மெடீவல் மேட்னஸ்னு 1997-ல வந்த டேபிள், எல்லாரும் தலையில வச்சுக் கொண்டாடற டேபிள், அது முதல்ல செஞ்சது 4,000-க்குக் கொஞ்சம் மேல, உலகம் முழுக்கவே அவ்வளவுதான். பின்னாடி ரீமேக் வந்துச்சு, அதுவும் எத்தனை பேர் வீட்டுக்குள்ள வந்துடும்.

ஆனா நீங்க சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு. ப்ரோக்ராம் ஒரிஜினல், பந்து ஒரிஜினல் இல்ல. நிஜத்துல அது சுமார் 27 மில்லிமீட்டர் அகலம், 80 கிராம் எடை இருக்கிற இரும்புக் குண்டு, 90-கள் டேபிள்னா 6.5 டிகிரி சாய்வுல உருளும். இதைக் கணக்குல கொண்டு வர்றதுதான் பெரிய வேலை. ஒரு நொடிக்கு 2 மீட்டர் வேகத்துல பந்து போகுதுன்னு வச்சுக்குங்க, உங்க டிவி ஒரு நொடிக்கு 60 படம் காட்டுது, அப்ப ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல பந்து 3 சென்டிமீட்டருக்கு மேல நகர்ந்துடும், அதாவது தன்னோட அகலத்தை விட அதிகம். படத்துக்கு ஒரு தடவை மட்டும் எங்க இடிக்குதுன்னு பார்த்தா பந்து ஃப்ளிப்பரைத் தொடாமலே அந்தப் பக்கம் போயிருக்கும். அதனால உள்ள கணக்கு ஸ்க்ரீனை விடப் பல மடங்கு வேகமா ஓடணும், இல்லேன்னா ரெண்டு இடத்துக்கும் நடுவுல போன பாதையையே சேர்த்துக் கணக்கு எடுக்கணும். உங்க ஸ்பேஸ் கேடட் விண்டோஸ் விஸ்டாவுல காணாம போனதுக்குக் காரணமாச் சொல்லப்பட்டதும் மோதல் கணக்குதான், 64-பிட் விண்டோஸுக்கு மாத்தினப்போ பந்து எல்லாத்தையும் ஊடுருவிப் போயிட்டு இருந்துச்சு, ஏன்னு கண்டுபிடிக்க முடியாம விட்டுட்டோம்னு மைக்ரோசாஃப்ட் இன்ஜினியர் ரேமண்ட் சென் எழுதியிருக்கார்.

ட்விலைட் சோன்னு 1993-ல வந்த டேபிள் இதுக்கெல்லாம் பரீட்சை. அதுல இரும்புப் பந்துகளோட ஒரு வெள்ளை செராமிக் பந்தும் இருக்கும், எடை கம்மி, வேகமா ஓடும், காந்தம் இழுக்காது. அந்த டேபிள்ல காந்தத்தால பந்தைத் தள்ளிவிடற ஒரு குட்டி ஆடுகளமே இருக்கு, வெள்ளைப் பந்து அங்க போனா காந்தம் என்ன பண்ணாலும் அது பாட்டுக்கு உருண்டு வந்துடும். வீடியோ கேம் செய்யறவங்க ரெண்டு பந்துக்கும் ஒரே கணக்குப் போட்டிருந்தா அது உடனே தெரிஞ்சுடும். நல்ல ரீகிரியேஷனா இல்லையான்னு பாக்க நான் முதல்ல அந்த வெள்ளைப் பந்தைத்தான் தேடுவேன்.

இன்னைக்கும் சரியா வராதது ஒண்ணு இருக்கு, டேபிளைத் தட்டறது. நிஜ மெஷின்ல உள்ளங்கையால கேபினட்டை லேசா ஒரு தள்ளு தள்ளினா பந்து போக வேண்டிய வழியே மாறும், அளவுக்கு மேல தள்ளினா உள்ள தொங்கற ஊசல் அதைச் சுத்தியிருக்கிற வளையத்துல பட்டு டில்ட், ஃப்ளிப்பர் செத்துடும், பந்து போச்சு. எவ்வளவு தள்ளலாம்ங்கிறது உடம்புக்குத் தெரியற விஷயம். கண்ட்ரோலர் ஸ்டிக்கை ஆட்டறதுல அது பாதி கூட வர்றதில்ல, அதுக்குப் பதிலா எதையும் சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன்.

சரி, அதிர்ஷ்டம். இது உங்க ஒருத்தரோட சந்தேகம் இல்ல, ஒரு நகரமே 34 வருஷம் அப்படித்தான் நம்புச்சு. நியூயார்க் மேயர் லாகார்டியா 1942-ல பின்பாலைச் சூதாட்டம்னு சொல்லித் தடை பண்ணினார், மெஷின்களைப் பிடிச்சு சுத்தியலால உடைச்சு போட்டோவெல்லாம் எடுத்துக்கிட்டாங்க. இங்க ஒண்ணு கவனிக்கணும், அப்ப பின்பால்ல ஃப்ளிப்பரே கிடையாது. காட்லீப் கம்பெனியோட ஹம்ப்டி டம்ப்டி 1947-ல வந்துச்சு, அதுலதான் ஹேரி மேப்ஸ் ஃப்ளிப்பரைக் கொண்டு வந்தார். அதுக்கு முன்னாடி பந்தை மேல அனுப்பிட்டு, டேபிளைத் தட்டறதைத் தவிர வேடிக்கை மட்டும்தான் பாக்க முடியும். ஆக, தடை பண்ணின விளையாட்டு வேற, தடை நீடிச்ச விளையாட்டு வேற. 1976-ல ரோஜர் ஷார்ப்னு ஒரு பத்திரிகைக்காரர் நகர சபை ஆளுங்க முன்னாடி ஆடிக் காட்டினார், எங்க அடிக்கப் போறேன்னு சொல்லிச் சொல்லி அடிச்சார், கடைசியா பந்தை மேல அனுப்பற ஸ்ப்ரிங் கம்பியை, ப்ளஞ்சரை, இழுத்து இப்ப பந்து நடு லேன்ல போகும்னார், போச்சு. தடை நீங்குச்சு. அந்தக் கடைசி ஷாட்ல அதிர்ஷ்டமும் இருந்துச்சுன்னு அவரே பின்னாடி சொல்லியிருக்கார், ஆனா அதுவரைக்கும் ஃப்ளிப்பர்ல சொல்லி அடிச்சதெல்லாம் கை வேலை.

இப்ப உங்க கைக்கு வருவோம். உங்க கடிதத்துல ரெண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கறேன்னு ஒரு வரி இருக்கு, என்னைக் கேட்டா பாதிப் பிரச்சினை அங்கதான். ரெண்டு ஃப்ளிப்பரும் ஒண்ணா மேல தூக்கினா நடுவுல இருக்கிற இடைவெளி இன்னும் அகலமாகுது, பந்து விழ நீங்களே வழி விடறீங்க. முதல்ல பந்தை அடிக்கறதை மறந்துட்டு நிறுத்தறதை மட்டும் பழகுங்க. பந்து மெதுவா ஒரு ஃப்ளிப்பர் மேல வந்து விழுதா, எதுவும் பண்ணாதீங்க, கையைக் கட்டிட்டு இருங்க, அது ரப்பர்ல பட்டுத் துள்ளி எதிர் ஃப்ளிப்பர் பக்கம் போகும், அங்க பட்டனை அமுக்கிப் பிடிச்சு ஃப்ளிப்பரைத் தூக்கி வச்சிருந்தா பந்து வந்து அந்த மூலையில உக்காந்துக்கும். முதல்ல நெஞ்சு பதறும், எல்லாருக்கும் பதறும், விட்டுப் பாருங்க. உக்காந்த பந்துக்கு அவசரமே இல்ல. அப்புறம் பட்டனை விட்டா பந்து ஃப்ளிப்பரோட நுனியைப் பாத்து உருளும், நுனிகிட்ட வந்தப்புறம் அடிச்சா குறுக்கே எதிர்ப்பக்கம் போகும், முன்னாடியே அடிச்சா நேரா மேல போகும், இன்னும் முன்னாடி அடிச்சா அதே பக்கம் கூடப் போகும். பந்து ஏறிப் போற சரிவுப் பாதை இருக்கே, ராம்ப், அதுல ஒண்ணை மட்டும் குறி வச்சு இதையே பண்ணுங்க, ஸ்கோரைப் பாக்கவே வேண்டாம். நிஜ மெஷின்ல மூணு பந்துல முடிஞ்சுடும், பழகறதுக்குள்ள காசு போயிடும். இங்க எத்தனை ஆட்டம் வேணாலும் ஆடலாம், வீட்டுல ஆடுற கேமோட பெரிய வசதியே இதுதான்னு நான் நினைக்கிறேன்.

டிவியில கேம் மோட் இருந்தா போடுங்க, படத்தை அழகாக்கறேன்னு டிவி எடுத்துக்கற நேரம் ஃப்ளிப்பர் டைமிங்கைக் கெடுத்துடும். கேமராவும் பந்து பின்னாடியே அலையாத மாதிரி, டேபிள் முழுசும் அசையாம தெரியற மாதிரி வச்சுக்குங்க. மெனுவுல ரூல்ஸ் விளக்கம் இருந்தா அதைப் படிக்காம ஆடாதீங்க, யாரோ கத்தறாங்கன்னு எழுதினீங்களே, அவங்க பெரும்பாலும் அடுத்து எதை அடிக்கணும்னுதான் கத்தறாங்க.

கடைசிக் கேள்வி, அந்தப் பழைய கலெக்‌ஷன். தி பின்பால் ஆர்கேட் ஃபார்சைட் ஸ்டுடியோஸ் 2012-ல கொண்டு வந்தது. ட்விலைட் சோன் மாதிரி டேபிளுக்கு மெஷின் கம்பெனியோட அனுமதி மட்டும் போதாது, அந்தப் பேர்ல வந்த டிவி தொடரோட உரிமையும் தனியா வாங்கணும், அதுக்காக ரசிகர்கள்கிட்டயே கிக்ஸ்டார்ட்டர்ங்கிற வெப்சைட்ல பணம் திரட்டினாங்க. வில்லியம்ஸ், பாலி டேபிள்களுக்கான உரிமம் 2018 ஜூன் 30-ஓட முடிஞ்சுது, அந்தத் தேதியோட விற்பனையும் நின்னுடுச்சு. ஏற்கனவே வாங்கினவங்க ஆடலாம், புதுசா வாங்க வழியில்ல. உரிமம் புடாபெஸ்ட்ல இருக்கிற ஜென் ஸ்டுடியோஸுக்குப் போச்சு, அவங்க அதே வருஷம் அக்டோபர்ல இருந்து தொகுப்பு தொகுப்பா, பந்து உருளற கணக்கைத் தாங்களே போட்டுத் திரும்பச் செஞ்சு விட ஆரம்பிச்சாங்க. அத்தனை டேபிளை ஒரு டீம் ஸ்கேன் பண்ணி அளந்து செஞ்சு வச்சது ஒரு காகிதத்துல இருக்கிற தேதியால கடையில இருந்து போயிடுச்சுங்கிறது எனக்கு இன்னும் வருத்தம்தான். அதனால உங்களுக்குப் பிடிச்ச டேபிள் இப்ப விற்பனையில இருந்தா தள்ளிப் போடாம வாங்கிடுங்க.

எதுல ஆரம்பிக்கலாம்னு நீங்க கேக்கல, நானே சொல்றேன், மெடீவல் மேட்னஸ். நடுவுல ஒரு கோட்டை, அதைத்தான் இடிக்கணும், அதனால என்ன பண்றதுன்னு குழப்பமே இல்ல. முதல்ல தூக்குப்பாலத்தை அடிக்கணும், அது இறங்கினதும் பின்னாடி இருக்கிற கதவை, கதவு திறந்ததும் பந்து உள்ள போகணும், அப்ப கோட்டை ஆடி இடியறதைப் பாருங்க. ஆனா நடுவுல வேகமா அடிச்ச பந்து திரும்பி நடுவுலயே வரும், பாலம் மூடியிருக்கும்போது ரொம்ப ஆபத்து, அதனால ஒவ்வொரு அடிக்கும் முன்னாடி பந்தை நிறுத்திட்டு அடிங்க. முதல் கோட்டை இடிஞ்சதும் எந்த ஃப்ளிப்பர்ல இருந்து அடிச்சீங்கன்னு எனக்கு எழுதுங்க.