கேளுங்கள், சொல்கிறோம்: காந்தம் மட்டும் வைத்து மோட்டர் ஓடுமா?

கேள்வி: ஐயா, என் மகன் எட்டாம் ஆண்டு படிக்கிறான். பற்றரியும் கரண்டும் இல்லாமல், சுற்றிவரக் காந்தம் ஒட்டி மோட்டர் ஓடவைக்கிற வீடியோ ஒன்றைப் போனில் பார்த்துவிட்டு, அதைச் செய்து எங்கள் மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கலாம் என்று நிற்கிறான். காந்தம் வாங்கக் காசு கேட்கிறான். கொடுக்கலாமா? (ஒரு தாய், ஒட்டுசுட்டான்)

பதில்: தங்கச்சி, காந்தத்தால் மட்டும் மோட்டர் ஓடாது. விடாமல் ஓடுவதாகக் காட்டினால் எங்கோ ஒரு பற்றரியை ஒளித்து வைத்திருக்கிறார்கள். காந்தம் கிட்ட இழுக்கும்போது கொடுக்கிற வேகத்தை, விலகிப் போகும்போது அப்படியே திருப்பி வாங்கிக்கொள்ளும். கடைசியில் சில்லு ஓரிடத்தில் போய் நின்றுவிடும். பாரிஸ் விஞ்ஞானக் கழகம் 1775லேயே, தானாக ஓயாமல் ஓடும் இயந்திரம் என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் இனிப் பரிசீலிப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டது.

உங்கள் ஊரில் இதைப் பிள்ளைக்கு விளக்குவது சுலபம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பற்றரி வராத காலத்தில், சைக்கிளை ஸ்டாண்டில் விட்டு மிதித்து டைனமோவில் றேடியோ கேட்டவர்கள் அயலில் நிச்சயம் இருப்பார்கள், அவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள். டைனமோவுக்குள் சுழல்வதும் காந்தம்தான், ஆனால் கரண்ட் எடுக்கத் தொடங்கியதும் பெடல் கனக்கும். அந்தக் கனம்தான் வயர் வழியாக றேடியோவுக்குப் போனது. மிதிப்பதை நிறுத்தினால் செய்தியும் நின்றுவிடும்.

அதற்காகப் பிள்ளையின் ஆசையைத் தடுக்க வேண்டாம். உண்மையாகவே ஓடுகிற ஒரு சின்ன மோட்டரைச் செய்யட்டும். பெரிய ரோச் பற்றரி ஒன்று, சேஃப்டி பின் இரண்டு, சின்னக் காந்தம் ஒன்று, எனாமல் பூசிய செப்புக்கம்பி இரண்டு மீற்றருக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அரை மில்லிமீற்றர் தடிப்புக் கம்பி நல்லது. மோட்டர் வைண்டிங் செய்கிற கடையில் கேட்டால் மிச்சத் துண்டு தருவார்கள். கம்பியைப் பற்றரியிலேயே பதினைந்து இருபது சுற்றுச் சுற்றிக் கழற்றி, இரண்டு நுனியையும் வளையத்தில் முடிந்து, எதிரெதிர்ப் பக்கமாக நேராக நீட்டி விடுங்கள். பின்களைப் பற்றரியின் இரு முனையிலும் ரப்பர் பேண்டால் இறுக்கி, காந்தத்தைப் பற்றரி மேல் வைத்து, வளையத்தின் கைகளைப் பின் ஓட்டைகளில் செருகினால் வேலை முடிந்தது.

ஆனால் எனாமல் கரண்டை விடாது, அதனால் செருகுவதற்கு முன் கைகளைச் சுரண்ட வேண்டும். எல்லோரும் பிழைவிடுகிற இடம் இதுதான். ஒரு கையின் எனாமலைச் சுற்றிவர முழுதாகச் சுரண்ட வேண்டும். மற்றக் கையில், வளையத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு மேல் பாதியை மட்டும் பிளேட்டால் சுரண்டி, கீழ்ப் பாதியை அப்படியே விட வேண்டும். இரண்டையும் முழுதாகச் சுரண்டினால் கரண்ட் முதல் அரைச் சுற்றில் முன்னே தள்ளும், அடுத்த அரைச் சுற்றில் பின்னே இழுக்கும், வளையம் ஆடி ஆடி நிற்கும். பாதி எனாமல் இருந்தால் அந்த அரைச் சுற்றில் கரண்ட் அறுந்து, வளையம் வந்த வேகத்திலேயே தாண்டிவிடும். பிறகு கரண்ட், பிறகு தள்ளல். முதலில் விரலால் மெல்லத் தட்டிவிடச் சொல்லுங்கள். அப்படியும் ஓடாவிட்டால், ஒரே பக்கம் எப்போதும் கீழே தொங்குகிறதா பாருங்கள், அப்படியென்றால் கைகள் நடுவில் இல்லை.

ஓடியதும் காந்தத்தைப் புரட்டி வைக்கட்டும், மறுபக்கம் சுழலும். அதை அவனே கண்டுபிடித்தால் இன்னும் நல்லது, முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். நின்றவுடன் வளையத்தைக் கழற்றிவிட வேண்டும், கம்பியில் தடை மிகக் குறைவு, பற்றரி கடுமையாகச் சுடும். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் பளபளவென்ற நியோடிமியம் காந்தம் வேண்டவே வேண்டாம். இரண்டை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து உயிருக்கே ஆபத்தாகும்.

இன்னொன்று. கம்பிக்கும் காந்தத்துக்கும் என்று பிள்ளை காணிக்குள்ளோ காட்டோரமோ பழைய இரும்பு தேடிப் போகக்கூடாது. போரில் வெடிக்காமல் போன வெடிபொருட்கள் வன்னி மண்ணில் இன்னும் கிடக்கின்றன. தெரியாத எதைக் கண்டாலும் தொடாமல் வந்து பெரியவர்களிடம் சொல்லட்டும்.

தோட்டத்துக்கு இது உதவாது. ஒரு குதிரைவலுப் பம்புக்கே 746 வாட் வேண்டும், இந்த மோட்டர் ஒரு கடதாசிக் காற்றாடியைச் சுற்றினாலே பெரிய விஷயம். உங்களுக்கு வெயில் இருக்கிறது, காசு சேர்ந்தால் சோலார் பம்பைப் பற்றி விசாரியுங்கள்.

கேள்வி: பழைய சைக்கிள் டைனமோவுக்குப் பற்றரி கொடுத்து மோட்டராக ஓட்டலாமா? (மாணவன், கிளிநொச்சி)

பதில்: ஓடாது தம்பி. பற்றரிக் கரண்ட் ஒரே திசையில் போவது, சைக்கிள் டைனமோவுக்குள் அதைத் திசை மாற்றிக் கொடுக்க ஒன்றுமில்லை. உள்ளே இருக்கிற காந்தம் ஒருதரம் துள்ளிவிட்டு நிற்கும். பழுதான விளையாட்டுக் காரின் மோட்டரை எடுத்துக் கையால் வேகமாகச் சுற்றி, வயர் இரண்டையும் மல்டிமீற்றரில் வைத்துப் பார், அது இரண்டு வேலையும் செய்யும்.