6 வோல்ட் டைனமோ, 12 வோல்ட் ஆசை: கேள்வி பதில்

ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவுக்குப் பழைய கார்கள் ஏறி வரும். அதுக்கு ரெண்டு மாசம் முந்தியே கேள்விகள் என்கிட்ட ஏற ஆரம்பிச்சிரும். முதல்ல தோட்டத்து கராஜ், பிறகு டவுன் கராஜ்னு வயரிங் வேலையிலேயே தலை நரைச்சவன் நான். டைனமோ, கட்டவுட் (டைனமோவைப் பெட்டரியோட சேர்த்துப் பிரிக்கிற சுவிட்ச்), பெட்டரி பற்றி என்ன வேணும்னாலும் கேளுங்க. கார் என்ன விலைக்குப் போகும்னு மட்டும் கேட்காதீங்க.

கேள்வி (தலவாக்கலை): அண்ணே, அப்பாவோட 1964 வொக்ஸ்வேகன் பீட்டில் என்கிட்ட இருக்கு. 6 வோல்ட். பனியில ஹெட் லைட் மெழுகுவர்த்தி மாதிரி எரியுது. டைனமோவைக் கழட்டாம 12 வோல்ட்டுக்கு மாத்த முடியுமா?

பதில்: முடியும் தம்பி. என்ன செய்யுறோம்னு புரிஞ்சுக்கிட்டு செய்யணும், அவ்வளவுதான்.

டைனமோவுக்குத் தான் 6 வோல்ட்டா 12 வோல்ட்டான்னு தெரியாது. ஆர்மேச்சர் (உள்ள சுத்துற பகுதி) எவ்வளவு வேகமா சுத்துது, அதைச் சுத்தி அசையாம நிக்கிற பீல்ட் கொயில்ல எவ்வளவு காந்தம் இருக்கு, இந்த ரெண்டும்தான் வோல்ட்டைத் தீர்மானிக்குது. ரெகுலேட்டர் நடுவுல நின்னு பீல்டை வெட்டி வெட்டி விட்டு அடக்கி வைக்குது. 6 வோல்ட் காரில சுமார் 7.2 வோல்ட்ல அடக்கும், 12 வோல்ட் காரில 14.2 பக்கத்துல. ரெகுலேட்டரை மட்டும் 12க்கு மாத்தினா அதே டைனமோ 14 வோல்ட்டும் தரும். ஆனா அதுக்கு ஏறத்தாழ ரெண்டு மடங்கு வேகமா சுத்தணும். முந்தி ஐட்லிங்கை விடக் கொஞ்சம் தாண்டினதும் அணைஞ்ச சிவப்பு லாம்பு, இனி நல்லா அக்ஸிலேட்டர் கொடுத்தாத்தான் அணையும்.

அடுத்தது சூடு. ஒரு பீல்ட் கொயில் 3 ஓம்னு வைங்க. 6 வோல்ட்டில 2 அம்பியர் இழுக்கும், 12 வொட் சூடு. அதே கொயிலுக்கு 12 வோல்ட் கொடுத்தா 4 அம்பியர், 48 வொட். வோல்ட் ரெண்டு மடங்கு, சூடு நாலு மடங்கு. சுத்தியிருக்கிற துணி டேப் பழசா இருந்தா கருகிரும். அதனால பீல்ட் கொயிலை 12 வோல்ட்டுக்கு மறுபடி சுத்தி, ஆர்மேச்சரை அப்படியே விட்டுருங்க. இல்லைன்னா 12 வோல்ட் டைனமோவே போடுங்க. 1967 மொடலுக்கு வொக்ஸ்வேகன் கம்பனியே 12க்குப் போயிருச்சு, அதனால சாமான் இருக்கு. பீட்டில் டைனமோவில 90 மில்லி விட்டமும் உண்டு, 105 மில்லியும் உண்டு. அது உட்கார்ற ஸ்டாண்டும் அதுக்கேத்த மாதிரி மாறும். சாமான் வாங்கக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு பஸ் ஏற முந்தி அளந்துக்கிட்டுப் போங்க.

எஞ்சினை ஸ்டார்ட் பண்ற 12 வோல்ட் செல்ப் மோட்டர் உங்க கியர்பொக்ஸ்ல சும்மா உட்காராது. உங்க பிளைவீலில 109 பல், பிந்தியதில 130. பழைய 6 வோல்ட் மோட்டரே இருக்கட்டும். 12 வோல்ட்டில குதிரை மாதிரி பாயும். ரெண்டு செக்கன்டுக்கு மேல அழுத்தாதீங்க, பல்லு தெறிக்கும். பல்ப் எல்லாம், இக்னிஷன் கொயில், பிளாஷர், ரிலே இருந்தா அதுவும் மாத்தணும். வைப்பர் மோட்டருக்கு முன்னால ஒரு ரெசிஸ்டர். பெட்ரோல் கேஜ் உங்க வண்டியில கேபிள்ல ஓடுறது, அதைத் தொடத் தேவையில்ல. வயரும் அப்படியே இருக்கலாம். அதே வொட்டுக்கு அம்பியர் பாதியாகுது.

இத்தனைக்கும் முந்தி ஒரு வேலை. எர்த்தை, அதாவது பெட்டரியில இருந்து கார் பொடிக்குப் போற இணைப்பைப் பாருங்க. பெட்டரியோட எர்த் முனைக்கும் ஹெட் லைட் பல்ப் உட்கார்ற சட்டிக்கும் நடுவுல மீட்டரை வச்சு லைட்டைப் போடுங்க. அரை வோல்ட் காட்டினா, 6 வோல்ட் காரில வெளிச்சத்தில கால்வாசி அங்கேயே போயிருச்சு. மலைநாட்டு மழைக்குத் துருப்பிடிக்காத எர்த்தை நான் பார்த்ததில்லை. பாதிப் பேருக்கு 12 வோல்ட் தேவையில்ல, உப்புத்தாள் போதும்.

கேள்வி (கொட்டகலை): ஐயா, என் மொரிஸ் மைனரை 6ல இருந்து 12க்கு மாத்த எவ்வளவு செலவாகும்?

பதில்: செலவே இல்ல. மொரிஸ் மைனர் 1948ல பிறக்கும்போதே 12 வோல்ட். பெட்டரி மூடியை எண்ணுங்க. மூணுன்னா 6, ஆறுன்னா 12.

கேள்வி (பண்டாரவளை): உயரம் கூடக் கூட டைனமோ சார்ஜ் குறையும்னு எங்க பாஸ் சொல்றார். உண்மையா?

பதில்: இல்ல. நுவரெலியா 1868 மீட்டர். கடல்மட்டத்தை விட அங்க காத்து ஆறில ஒரு பங்கு மெலிசு. மூச்சு வாங்குறது எஞ்சின். காந்தத்துக்குக் காத்து எதுக்கு? ஏற்றத்தில ரெண்டாம் கியர்ல எஞ்சின் கத்தும்போது டைனமோ நல்லாவே வேலை செய்யும். அதுக்குக் கஷ்டம் பனியில பஸ்ஸுக்குப் பின்னால ஊர்ந்து போறப்போதான்: லைட்டும் வைப்பரும் ஓடும், சுத்து வேகம் இருக்காது.

கேள்வி (ஹப்புத்தளை): மாஸ்டர், தலவாக்கலைத் தம்பிக்குச் சொன்னது சரியில்ல. என் 1952 போர்ட் பிரிபெக்ட்டில 12 வோல்ட் ரெகுலேட்டர் மட்டும்தான் மாத்தினாங்க. பீல்ட் கொயிலை யாரும் தொடலை. மூணு வருஷமா ஓடுது.

பதில்: ஓடும். ஓடாதுன்னு நான் எங்க சொன்னேன்? ரோட்டில நல்ல வேகத்தில போகும்போது ரெகுலேட்டர் பீல்டைப் பெரும்பாலும் வெட்டித்தான் வைச்சிருக்கும். சராசரி மின்னோட்டம் குறைவு, கொயில் குளிர்ச்சியா இருக்கும். மெதுவாப் போகும்போது வெட்டாது, அப்போ முழு 12 வோல்ட்டும் பீல்டுக்குப் போகும். வேகறது அப்போதான்.

கேள்வி (மஸ்கெலியா): மன்னிக்கணும் சேர். நான் தேயிலை ஸ்டோர்ல மிஷின் பார்க்கிறவன். பீல்டுக்கு மின்சாரம் பெட்டரியில இருந்து வரலையே, டைனமோவோட சொந்த டி முனையில (மின்சாரம் வெளிய வர்ற முனை) இருந்துதானே வருது? மெதுவா சுத்தினா டைனமோவே 4, 5 வோல்ட்டுதான் தரும். பீல்டுக்கு 12 எங்க இருந்து வரும்?

பதில்: நல்லாப் பிடிச்சீங்க. நான் சொன்னது தப்பு. ஐட்லிங்கில பீல்ட் வேகாது. வோல்ட்டே இல்லாத இடத்தில சூடு ஏது?

ஆனா நடுவுல ஒரு வேகம் இருக்கு. கட்டவுட் ஒட்டியாச்சு, டைனமோ 13 வோல்ட் தருது, லைட்டும் வைப்பரும் அத்தனையையும் தின்னுது. 14ஐத் தொடவே முடியல. அப்போ ரெகுலேட்டர் பொயின்ட் ஒட்டினபடியே நிக்கும், பீல்டுக்கு 13 வோல்ட் இடைவிடாம. அரை மணி நேரம் அப்படியே ஊர்ந்தா அது நான் சொன்ன 48 வொட்டையும் தாண்டும். பனியில நம்ம ரோட்டு வேகம் அதேதான். கொழும்புக்காரருக்கு வராத வியாதி நமக்கு வரும்.

கேள்வி (ஹப்புத்தளை): அப்போ என் காருக்கு ஆபத்து இல்லைன்னுதானே அர்த்தம்? மாஸ்டரே தப்புன்னு ஒத்துக்கிட்டாரே.

பதில்: ஒரு விஷயத்தில ஒத்துக்கிட்டேன். உங்க காரில பீல்டை விட ஆர்மேச்சர்தான் எனக்குப் பயம். வோல்ட் ரெண்டு மடங்காச்சுன்னு ஆர்மேச்சர் வயர் தடிக்கலை, அம்பியர் எல்லை பழையதேதான். 20 அம்பியருக்குச் சுத்தின ஆர்மேச்சருக்கு 30 அம்பியர் விடுற ரெகுலேட்டரை மாட்டியிருந்தா, அது நல்ல வேகத்திலதான் வேகும். உங்க ரெகுலேட்டர் எத்தனை அம்பியர்னு பார்த்தீங்களா? கொமியூட்டேட்டர் (ஆர்மேச்சர் முனையில பிரஷ் உரசுற செம்புப் பட்டைகள்) பக்கம் டோர்ச் அடிச்சுப் பாருங்க. உறையோட உள்பக்கம் வெள்ளி மாதிரி சின்னச் சின்னச் சொட்டு ஒட்டியிருந்தா, அது ஈயம். உருகித் தெறிச்சது.

கேள்வி (வெலிமடை): ரெண்டு 6 வோல்ட் பெட்டரியைத் தொடரா மாட்டி, பழைய சாமானுக்கு மட்டும் நடுவுல இருந்து 6 எடுக்கலாமா?

பதில்: வேணாம். எர்த் பக்கத்துப் பெட்டரி மட்டும் காலியாகும், மற்றது சார்ஜ் மிஞ்சிக் கொதிக்கும். ரெண்டும் போகும்.

கேள்வி (ஹட்டன்): ஒஸ்டின் ஏ40, 6 வோல்ட்ல இருந்து...

பதில்: அதுவும் 12. மூடியை எண்ணுங்க.

கேள்வி (பதுளை): என் ஒஸ்டினில பெட்டரியோட பிளஸ் எர்த்தாயிருக்கு. ரேடியோ போட மைனஸ் எர்த்தாக்கணும். டைனமோவையும் மாத்தணுமா?

பதில்: மாத்தவேணாம், தங்கச்சி. பெட்டரியைத் திருப்பி மாட்டி, இக்னிஷன் கொயில் வயர் ரெண்டையும் இடம் மாத்துங்க. அம்பியர் மீட்டர் இருந்தா அதையும். பிறகு டைனமோவுக்குப் புது திசையைப் பழக்கணும். லூகாஸ் டைனமோன்னா எஃப் முனை (பீல்ட் கொயிலோட முனை) வயரைக் கழட்டிட்டு, பெட்டரியோட எர்த் இல்லாத முனையில இருந்து ஒரு வயரால அந்த எஃப்பை ரெண்டு மூணு தடவை லேசாத் தட்டுங்க. சின்னப் பொறி வரும், அது போதும். வொக்ஸ்வேகனுக்கு இந்த முறை கூடாது. லூகாஸில பீல்டோட மறுமுனை உள்ளேயே எர்த், வொக்ஸ்வேகனில ரெகுலேட்டர் வழியா எர்த். ஒண்ணோட ரெகுலேட்டரை இன்னொண்ணுக்குப் போடவும் கூடாது. ஒல்டர்நேட்டரை எந்தக் காலத்திலயும் இப்படித் தட்டாதீங்க.

எர்த் வயரைக் கழட்டினதும் கழட்டினீங்க, துருவைச் சுரண்டிட்டு மாட்டுங்க.

கேள்வி (நானுஓயா): பேசாம ஒல்டர்நேட்டரே போட்டா என்ன?

பதில்: தினமும் ஓட்டுற காருன்னா போடுங்க. ஐட்லிங்கிலயே சார்ஜ் ஏறும். கார் பார்க்கிற ஆளுங்க பொனட்டைத் திறந்ததும் முகம் சுளிப்பாங்க, அவ்வளவுதான்.

கேள்வி (ராகலை): பீட்டில்ல சார்ஜ் லாம்பு ஓடும்போது திடீர்னு பத்துது. வீடு வரைக்கும் ஓட்டலாமா?

பதில்: ஓட்டாதீங்க! உடனே நிறுத்திப் பின்னால பெல்ட்டைப் பாருங்க. டைனமோவோட அச்சிலதான் எஞ்சினைக் குளிர வைக்கிற காத்தாடி இருக்கு. பெல்ட் அறுந்தா சார்ஜும் இல்ல, காத்தும் இல்ல. றம்பொடை ஏற்றத்தில அப்படி ஓட்டி எஞ்சினைப் பிடிக்க வச்ச காரை நான் இறக்கியிருக்கேன்.

கேள்வி (மாத்தளை): த்ரீவீலுக்கு எல்ஈடி...

பதில்: பக்கத்து கராஜ்ல கேளுங்க.

கேள்வி (ஹப்புத்தளை): மாஸ்டர், டோர்ச் அடிச்சுப் பார்த்தேன். சொட்டு இருக்கு. ஏழெட்டு. ரெகுலேட்டர்ல 30 அம்பியர்னு போட்டிருக்கு.

பதில்: இன்னைக்கு ராத்திரி லைட் போட்டு ஓட்டாதீங்க. டைனமோவை இறக்கி ஆர்மேச்சரை மறுபடி ஈயம் வைக்கக் கொடுங்க, கொமியூட்டேட்டரைக் கடைசல்ல லேசாப் பிடிச்சு செம்புப் பட்டைகளுக்கு நடுவுல இருக்கிற மைக்காவை வெட்டச் சொல்லுங்க. டைனமோ பிளேட்டில எத்தனை அம்பியர்னு போட்டிருக்கோ, அதுக்கு மேற்படாத ரெகுலேட்டர் வாங்குங்க. பிளேட் இல்லைன்னா ஆர்மேச்சரை எடுத்துக்கிட்டு வாங்க, வயர் தடிப்பைப் பார்த்துச் சொல்றேன். ஞாயிற்றுக்கிழமை வேணாம்.